பென்னிகுயிக்: காசும் இல்லை, வேகமும் இல்லை, ஓர் ஊர்ப் பெயர்

நீங்கள் கேட்டிருப்பது பார்க்க ஒரு கேள்வி, உள்ளே மூன்று இருக்கிறது. கம்பத்தில் உங்கள் அண்ணன் மகனுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்கு என்ன பொருள் என்பது ஒன்று. பென்னி என்றால் காசு, குயிக் என்றால் வேகம், எனவே சட்டென்று சில்லறை மாற்றிக் கொடுத்த வட்டிக்கடைக்காரர் பரம்பரை என்று யூடியூபில் ஒருவர் சொன்னாராம், அது சரியா என்கிறீர்கள். இதை எப்படி உச்சரிப்பது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது என்று எனக்குப் படுகிறது. லண்டனில் உங்கள் நண்பரோடு வேலை பார்க்கும் ஒருவருடைய குடும்பப் பெயர் பென்னிகுக். அவர் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னலின் வம்சமா?

நான் எடின்பரோவில் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருந்து, சில சமயம் நம் ஊரிலிருந்தும், முன்னோரைத் தேடி எழுதுகிறவர்களுக்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துச் சொல்வது பல வருடமாக என் வேலை. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். மொழியியல் நான் முறையாகப் படித்தது இல்லை. ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் சொன்னதை அந்தப் பகுதியில் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

வட்டிக்கடைக் கதையை முதலில் ஒதுக்கிவிடலாம். இந்தப் பெயரில் காசும் இல்லை, வேகமும் இல்லை. இது ஓர் ஊரின் பெயர். எடின்பரோவிலிருந்து தெற்கே 16 கிலோமீட்டர் போனால், பென்ட்லண்ட் குன்றுகளை ஒட்டி, நார்த் எஸ்க் என்ற சிற்றாற்றின் கரையில் அந்த ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் காகித ஆலைகளுக்குப் பேர்போன இடம். இன்று எடின்பரோவுக்கு வேலைக்கு வந்துபோகிறவர்கள் நிறையப் பேர் அங்கே குடியிருக்கிறார்கள். நகரத்திலிருந்து 37 ஆம் எண் பஸ் போகிறது. அதன் நெற்றியில் இருக்கும் எழுத்துகளை வரிசையாகச் சொன்னால் பி, இ, என், ஐ, சி, யு, ஐ, கே. புதிதாக வந்தவர்கள் அதைப் பெனிகுயிக் என்று வாசித்து டிக்கெட் கேட்பார்கள். டிரைவர் சிரிக்காமல் பெனிகுக் என்று திருப்பிச் சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கொடுப்பார். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் அந்த பஸ்ஸிலேயே இருக்கிறது. கடைசி அசை குக். சமையற்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எப்படிச் சொல்கிறோமோ அதே ஒலி. தேனிப் பக்கம் பெரியவர்கள் சிலர் பென்னிகுக் என்று சொல்வார்கள். மேடைகளிலும் பத்திரிகைகளிலும் வரும் பென்னிகுயிக், பென்னிகுவிக் எல்லாவற்றையும் விட அவர்கள் சொல்வதுதான் ஸ்காட்லாந்துக்காரர் காதுக்குச் சரியாகப் படும்.

எழுத்துக்கும் ஒலிக்கும் ஏன் இந்த இடைவெளி? ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் பேசும் ஸ்காட்ஸ் மொழிக்குத் தனி எழுத்துமுறை இருந்தது. அதில் யு, ஐ இரண்டையும் சேர்த்து எழுதினால் அது ஓர் உயிரொலியைக் குறிக்கும். ஆங்கிலத்தில் புக் என்று சொல்லும் புத்தகத்தைப் பழைய ஸ்காட்ஸில் பி, யு, ஐ, கே என்று எழுதினார்கள். நல்லது என்ற பொருளில் வரும் குட் என்ற சொல்லுக்கும் இதே கதை. சி, யு, ஐ, கே என்பதும் அந்த வகைதான். லண்டனில் உட்கார்ந்திருந்த எழுத்தர்களுக்கு இது பழக்கமில்லை. அவர்கள் ஐ என்ற எழுத்தைத் தனியாக உச்சரித்தார்கள். இதற்கிடையே குடும்பப் பெயரில் கடைசி கே-க்கு முன்னால் இன்னொரு சி ஒட்டிக்கொண்டது, நடுவில் ஒரு என் கூடியது, ஐ இருந்த இடத்தில் ஒய் வந்தது. இப்படித் திரண்ட வடிவம்தான் கர்னலின் பெயர். பார்த்தவுடன் பென்னி என்றும் குவிக் என்றும் கண் பிரித்துவிடுகிறது. யூடியூப்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுத்து அப்படித்தான் ஏமாற்றுகிறது. கூடுதல் குழப்பத்துக்கு, இங்கிலாந்தில் பாத் நகரத்தின் ஓரத்தில் பென்னிகுவிக் என்றே ஓர் இடம் உண்டு. அதற்கும் இந்தக் குடும்பத்துக்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

சரி, அந்த ஊர்ப் பெயருக்கு என்ன பொருள்? இங்கே நிச்சயமானதையும் ஊகத்தையும் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். எடின்பரோவைச் சுற்றியுள்ள பகுதியில் ஆங்கிலம் வருவதற்கு முன்னால் பேசப்பட்டது இன்றைய வெல்ஷ் மொழிக்கு நெருங்கிய உறவான பிரித்தோனிக் மொழி. கொடோதின் என்ற மக்கள் இங்கே ஆண்டார்கள். சுமார் 638 வாக்கில் எடின்பரோ கோட்டை அவர்கள் கையைவிட்டு ஆங்கிலேயர் கைக்குப் போனது என்பது பொதுவான கணிப்பு. மொழி மறைந்தது, பெயர்கள் தங்கிவிட்டன. பெனிகுக்குக்குத் தெற்கே பீபிள்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அது கூடாரங்களைக் குறிக்கும் பிரித்தோனிக் சொல். கிழக்கே இருக்கும் டிரானென்ட், ஓடைகளின் ஊர். பென் என்றால் அந்த மொழியில் தலை, மேடு, முகடு. இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் 694 மீட்டர் உயரத்தில் பென்-ய்-கென்ட் என்று ஒரு மலை இருக்கிறது. அதன் முதல் பாகமும் இதுதான். பெனிகுக்கின் முதல் பாகம் இந்தப் பென் என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே தகராறு இல்லை. பின்பாகத்தை கோக் என்று கொள்கிறார்கள். வெல்ஷில் கோக் என்றால் குக்கூ என்று கூவும் குயில். 13 ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் பெனிகோக், பெனிகொக் என்ற மாதிரியான எழுத்துகள்தான் கிடைக்கின்றன, அவை இதற்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஆகக் குயில் மேடு என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். நானும் ஏற்கிறேன். ஆனால் எந்த மேடு, ஏன் குயில் என்பதற்கெல்லாம் சான்று கிடையாது. வசந்தத்தில் முதல் குயில் கூவும் இடம் என்று சுற்றுலாக் கையேட்டு நடையில் எழுதுவது யாரோ ரசித்துச் சேர்த்தது. நீங்கள் வீட்டில் சொல்லும்போது குயில் மேடு என்றால் போதும். இந்தக் குயில் நம் தோப்புகளில் கூவும் கருங்குயில் இல்லை, அதன் ஒன்றுவிட்ட உறவு. முட்டையை அடுத்த பறவையின் கூட்டில் இடும் குணம் மட்டும் இரண்டுக்கும் பொது.

ஊர்ப் பெயர் எப்படி ஆளுக்கு வந்தது? 12, 13 ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் நிலத்தின் பெயரைத் தங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். பத்திரங்கள் லத்தீனிலோ பிரெஞ்சிலோ எழுதப்பட்டதால் நடுவில் டி என்று வரும், இன்ன ஊரைச் சேர்ந்த என்று பொருள். 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தை அடக்கிவிட்டு, நிலக்காரர்கள், பாதிரிமார், நகரத்தார் எல்லோரிடமும் விசுவாசப் பிரமாணம் எழுதி வாங்கினார். ராக்மன் ரோல் என்று அழைக்கப்படும் அந்தப் பட்டியலில் எடின்பரோ வட்டாரத்துக்காரராக ஒரு ஹியூ டி பெனிகோக் வருகிறார். எங்கள் தொழிலில் இந்தப் பட்டியல் ஒரு வரப்பிரசாதம். தோற்றவர்களின் பெயர்களை இவ்வளவு சிரத்தையாக யாரும் எழுதி வைத்ததில்லை. நிலமும் குடும்பப் பெயரும் ஒன்றாகவே இருந்துவிட்டால், அந்தக் குடும்பத் தலைவரை இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் என்று இரண்டு முறை சொல்லாமல், அதே பெயருடைய ஊரின் இன்னார் என்று சுருக்கி எழுதும் வழக்கம் இங்கே உண்டு. பெனிகுக் குடும்பமும் அப்படி எழுதப்பட்ட ஒன்று.

ஆனால் கவனியுங்கள், அந்த ஊர்ப் பெயரைச் சுமந்தது நிலக்காரர் மட்டும் இல்லை. அவருடைய குத்தகைக்காரர் பிழைப்புக்காக ஃபைஃப் பக்கமோ எடின்பரோவுக்கோ போனால், அங்கே அவரைப் பெனிகுக்காரர் என்றுதான் அடையாளம் சொல்வார்கள். கொல்லர் போனாலும் அப்படித்தான், ஊழியக்காரர் போனாலும் அப்படித்தான். இரண்டு மூன்று தலைமுறையில் அது குடும்பப் பெயராக உறைந்துவிடும். செம்மங்குடி, அரியக்குடி என்று நம் பாடகர்களை ஊரால் அழைக்கிறோமே, செம்மங்குடி என்று பெயருக்கு முன்னால் போட்டவர்கள் எல்லாம் சீனிவாச ஐயருக்குச் சொந்தக்காரர்கள் என்று யாரும் சொல்லமாட்டோம். அதே கதைதான். ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே ஊரோடு தொடர்பு என்று சொல்லலாம். ஒரே ரத்தம் என்று சொல்ல முடியாது. உங்கள் மூன்றாவது கேள்வியின் முக்கால் பதில் இதற்குள் அடங்கிவிடுகிறது.

அந்தப் பழைய நிலக்காரக் குடும்பத்துக்கு என்ன ஆனது என்பது சுவாரசியமான விஷயம். பெனிகுக் நிலத்துக்கு ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்ததாக வழிவழியாகச் சொல்கிறார்கள். எடின்பரோவுக்கு வெளியே இருந்த பரோ மூர் காட்டில் மன்னர் வேட்டைக்கு வந்தால், பெனிகுக் நிலக்காரர் பக்ஸ்டேன் என்ற கல்லின் மேல் உட்கார்ந்து மூன்று முறை கொம்பு ஊத வேண்டும். நிலத்துக்கு அதுதான் வாடகை. அந்தக் கல் இன்றும் நகரத்தின் தெற்குப் பகுதியில் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள குடியிருப்புக்கே பக்ஸ்டோன் என்று பெயர். பழைய பெனிகுக் குடும்பத்தின் சின்னத்தில் மூன்று வேட்டைக் கொம்புகள் உண்டு. 17 ஆம் நூற்றாண்டில் நிலம் கைமாறியது. பாரிஸில் வியாபாரம் செய்து பணம் சேர்த்துத் திரும்பிய ஜான் கிளார்க் என்பவர் 1654இல் அதை வாங்கினார். கொம்பு ஊதும் கடமையும் நிலத்தோடு சேர்ந்து அவருக்குப் போனது. கிளார்க் குடும்பத்தின் சின்னத்தில் ஒரு வேட்டைக்காரர் கொம்பு ஊதிக்கொண்டு நிற்பார். ஓர் ஊதலுக்கு விடுதலை என்பது அவர்கள் முழக்கம். ஆக, 350 வருடத்துக்கும் மேலாகப் பெனிகுக் நிலத்தின் சொந்தக்காரர்கள் பெயரில் பெனிகுக் இல்லை.

இந்தக் கிளார்க் குடும்பத்தில் வந்தவர்தான் மின்காந்தவியல் சமன்பாடுகளைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். அவருடைய தந்தை பிறப்பால் வெறும் கிளார்க், பெனிகுக் பிரபுவின் தம்பி. மேக்ஸ்வெல் குடும்பத்துச் சொத்து ஒன்று அவர் பங்குக்கு வந்தபோது அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். மேக்ஸ்வெல் சமன்பாடு என்று உலகமே சொல்லும் பெயர், தந்தைக்கு நிலத்தோடு வந்த பெயர்! இங்கே குடும்பப் பெயர் ரத்தத்தை விட நிலத்தோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சின்னம் என்றதும் ஓர் எச்சரிக்கை. உங்கள் குடும்பப் பெயரின் சின்னம் என்று சொல்லிக் குவளையிலும் சட்டத்திலும் அச்சடித்து விற்கும் கடைகள் எடின்பரோவின் ராயல் மைல் தெரு நெடுக இருக்கின்றன, இணையத்திலும் இருக்கின்றன. ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் ஓர் ஆளுக்குச் சொந்தம், பெயருக்குச் சொந்தம் இல்லை. லார்ட் லயன் என்ற அதிகாரியின் நீதிமன்றம் இதைக் கண்காணிக்கிறது, 1672இல் தொடங்கிய பதிவேடு இன்றும் தொடர்கிறது. மூன்று கொம்புச் சின்னத்தை வாங்கி உங்கள் அண்ணன் வீட்டு வரவேற்பறையில் மாட்டினால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

பெயரின் எழுத்து வடிவங்கள் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் தேடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 1698இல் பனாமாவில் ஒரு குடியேற்றம் அமைக்க லீத் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. டேரியன் திட்டம் என்று சொல்வார்கள், ஸ்காட்லாந்தைக் கடனில் மூழ்கடித்த திட்டம். அந்தக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கியவர் ராபர்ட் பென்னிகுக். அவர் பெயரில் நடுவில் இ வரும், ஒய் வராது. அதே காலத்தில் அலெக்சாண்டர் பென்னிகுக் என்று ஒரு மருத்துவர் இருந்தார், 1652 முதல் 1722 வரை வாழ்ந்தவர். அவருடைய தந்தை ஸ்வீடன் படையில் அறுவை மருத்துவராக இருந்தவர். மகன் நோயாளிகளைப் பார்க்கக் குதிரையில் சுற்றிய ட்வீட்டேல் பகுதியின் செடிகொடிகளையும் ஊர்களையும் விவரித்து 1715இல் ஒரு நூல் வெளியிட்டார், கவிதையும் எழுதினார். எடின்பரோவில் இன்னொரு அலெக்சாண்டர் பென்னிகுக் இருந்தார், 1730இல் இறந்தவர். அவரும் கவிஞர்! பின்னால் வந்த பதிப்பாளர்கள் இருவருடைய கவிதைகளையும் கலந்து கட்டினார்கள். இரண்டாமவர் முதலாமவரின் மருமகன், அதாவது உடன்பிறந்தார் மகன், என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதைச் சொல்லப்படுகிறது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று, காலம் ஒன்று, நகரம் ஒன்று என்றால் உறவை நாமே கற்பித்துக்கொள்கிறோம். இணையத்தில் கிடக்கும் வம்சவரைபடங்களில் பாதி இந்த மாதிரி நூலால் தைத்தவைதான்.

பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் இன்னும் மோசம். ஒரே தகப்பனுக்கு மூன்று பிள்ளைகள் என்றால், மூன்று வரிகளில் குடும்பப் பெயர் மூன்று விதமாக இருக்கும். எழுதியவர் கோயில் எழுத்தர், காதில் விழுந்ததை எழுதினார். குடும்பத்துக்காரருக்குப் பல சமயம் எழுத்தே தெரியாது. இன்று பிரிட்டனில் அதிகம் தென்படுவது ஒலிக்கு நெருக்கமான பென்னிகுக் என்ற எழுத்து வடிவம். 2015 முதல் கிரீன்விச் தொகுதி எம்.பி.யாக இருக்கும் மேத்யூ பென்னிகுக் அப்படி எழுதுகிறார். கர்னல் எழுதிய சி, யு, ஐ, சி, கே வடிவம் அபூர்வம். அந்த வடிவத்தில் எழுதிய இன்னொருவர் காலின் பென்னிகுக், 1933இல் பிறந்து 2019இல் இறந்த விலங்கியல் அறிஞர். பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்ற கணக்கைப் போட்டவர், ஆப்பிரிக்காவில் கிளைடரில் ஏறிக் கழுகுகளோடு கூடவே பறந்து பார்த்தவர். குயில் மேட்டுப் பெயர்க்காரர் பறவைக்குப் பின்னால் போனது தற்செயல்தான், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இனி கர்னலின் குடும்பத்துக்கு வருவோம். ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15, பூனாவில். அவருடைய தந்தையின் பெயரும் ஜான், பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று இரண்டாம் சீக்கியப் போரில், சிலியன்வாலா என்ற இடத்தில், 24 ஆம் ரெஜிமெண்ட் சீக்கியர்களின் பீரங்கிகளை நோக்கி நேராக ஏறிப்போய்ச் சிதைந்தது. அந்தப் படைப்பிரிவை நடத்திய பிரிகேடியர் அங்கே இறந்தார். அதே ரெஜிமெண்டில் இருந்த அவருடைய மகன் அலெக்சாண்டர், 17 வயதுப் பையன், தந்தையின் உடலைக் காக்க நின்று அதே இடத்தில் இறந்தான். நம் கர்னலுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டு நாள் பாக்கி. பிறகு இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியிலும் படித்து, 1858இல் மதராஸ் எஞ்சினியர்ஸ் படையில் சேர்ந்தார், 1860இல் இந்தியா வந்தார். அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் கேம்பர்லியில் வாழ்ந்து 1911 மார்ச் 9 அன்று இறந்தார்.

இதிலிருந்து ஒன்று புரியும். அவரை வெள்ளைக்கார இங்கிலீஷ்காரர் என்று எழுதுகிறார்கள். படிப்பும் முதுமையும் இங்கிலாந்தில், பிறப்பு மராட்டிய மண்ணில், பெயர் ஸ்காட்லாந்துடையது. பெனிகுக் ஊரில் அவர் பிறக்கவும் இல்லை, வளரவும் இல்லை. அந்த ஊர்க்காரர் என்று நம் பத்திரிகைகளில் சில சமயம் வருவது தவறு. எப்போதோ ஒரு முன்னோர் அந்த மண்ணிலிருந்து கிளம்பினார் என்பதைத்தான் பெயர் சொல்கிறது. அந்த முன்னோர் கொம்பு ஊதிய நிலக்காரரா, அவருடைய குத்தகைக்காரரா என்பதைப் பெயரை வைத்துத் தீர்மானிக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக ஆவணம் காட்டினால்தான் உண்டு. அந்தச் சங்கிலியைக் காட்டாமல் ராஜ பரம்பரை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கர்னலுக்கு ஐந்து மகள்கள், ஒரே மகன். மகன் பெயரும் ஜான்தான், 1899இல் பிறந்தவர். வழக்கறிஞராகி, உயர் நீதிமன்றத்தின் சான்சரிப் பிரிவில் நீதிபதியாக இருந்து, துணைச் சான்சலர் பதவி வரை போய், 1982இல் இறந்தார். அபூர்வக் குடும்பப் பெயர்கள் ஏன் அபூர்வமாகவே இருக்கின்றன என்பதற்கு இந்த வீடே சாட்சி. மகள்கள் வழிப் பேரப்பிள்ளைகள் வேறு பெயரில் போய்விடுவார்கள், பெயர் ஒரே நூலில் தொங்கும். 1870களில் பிரான்சிஸ் கால்ட்டன் இதையே ஒரு கணக்காகப் போட்டார். ஒவ்வோர் ஆணுக்கும் இத்தனை ஆண் பிள்ளைகள் பிறக்க இவ்வளவு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு குடும்பப் பெயர் எத்தனை தலைமுறையில் அற்றுப்போகும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்கு விடை எழுதினார். அந்தக் கணிதம் பின்னாளில் அணுக்கருத் தொடர்வினைக்கும் தொற்றுநோய் பரவுவதற்கும் பயன்பட்டது. ஆக ஒரு பெயர் அபூர்வம் என்பதற்கு உயர்குடி என்று அர்த்தம் கிடையாது. தொடக்கத்தில் ஊர் சின்னது, பெயர் எடுத்தவர்கள் சிலர், சில தலைமுறைகளில் பெண் பிள்ளைகள் அதிகம், இவ்வளவுதான்.

இப்போது லண்டன் நண்பர். அவர் பெயரின் எழுத்து கர்னலின் எழுத்து இல்லை என்பதால் உறவில்லை என்று தள்ளவும் கூடாது, பெயர் அபூர்வம் என்பதால் உறவு என்று கொண்டாடவும் கூடாது. கர்னல் வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை இல்லை, அண்ணன்மார் இருந்தார்கள், அந்தக் கிளைகளிலும் பெயர் தொடர்ந்திருக்கலாம். அதே சமயம், ஸ்காட்லாந்தில் இந்தப் பெயரோடு வாழும் பலரும் ராணுவத்துக்கோ இந்தியாவுக்கோ தொடர்பில்லாத உழவர், சுரங்கத் தொழிலாளர் வீடுகளிலிருந்து வந்தவர்கள். என்னைக் கேட்டால், எடுத்த எடுப்பில் உறவில்லை என்ற பக்கம்தான் சாய்வேன். சரிபார்ப்பது கஷ்டமில்லை, பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும், அவ்வளவுதான். கர்னலிலிருந்து தொடங்கிக் கீழே இறங்காதீர்கள், நண்பரிலிருந்து மேலே ஏறுங்கள்.

அவருடைய தாத்தா ஸ்காட்லாந்தில் பிறந்தவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இங்கே 1855 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவு கட்டாயம். ஸ்காட்லாந்து இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் தாய், தந்தை இருவர் பெயரும் இருக்கும். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்ந்தே வரும். இங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் சொந்தக் குடும்பப் பெயரை விடவில்லை, கல்லறையில்கூட அதுதான் செதுக்கியிருக்கும். அதனால் ஒரு சான்றிதழில் ஒரு தலைமுறை மேலே போய்விடலாம். ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் கட்டணம் கட்டி அசல் பக்கத்தின் படத்தையே பார்க்க முடியும். 1855க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான், அவை ஊருக்கு ஊர் வேறுபடும், நடுவில் பக்கங்கள் காணாமல் போயிருக்கும். இங்கிலாந்தில் பிறந்திருந்தால் அரசுப் பதிவு 1837 ஜூலையிலிருந்தே உண்டு, ஆனால் அங்கே இறப்புச் சான்றிதழ் பெற்றோர் பெயரைத் தராது, வேலை இரட்டிப்பாகும். தேடும்போது எழுத்துகளை விதவிதமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு என், இரண்டு என், ஒய், ஐ, இ, கடைசியில் குக் என்பதை எழுதும் அத்தனை விதமும்.

கர்னலின் வீட்டாரைத் தேட வேண்டுமென்றால் இடம் வேறு. இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றின் நகலும் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. வங்காளம், மதராஸ், பம்பாய் என்று மாகாண வாரியாக அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. பூனா என்றால் பம்பாய் வரிசையில் பார்க்க வேண்டும். மதராஸ் எஞ்சினியர் என்பதால் மதராஸ் வரிசையில் பிறப்பைத் தேடி, இல்லை என்று கைவிட்டவர்கள் என்னிடம் வந்ததுண்டு. மரபணுச் சோதனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். தந்தை வழியாக மட்டும் வரும் ஒய் குரோமோசோமை இரு பக்கத்து ஆண்களும் சோதித்தால், பொதுவான ஆண் மூதாதை உண்டா என்று ஓரளவு சொல்லலாம். எந்த நூற்றாண்டில், யார் என்று அது சொல்லாது. பொருந்தாமல் போனாலும், நடுவில் தத்து எடுத்திருக்கலாம், தாய் வழியாகப் பெயர் வந்திருக்கலாம். ஆவணம் இல்லாத சோதனைக்கு என் வாடிக்கையாளர்களை நான் செலவழிக்க விடுவதில்லை.

கடைசியாக உங்கள் அண்ணன் மகன். குடும்பப் பெயராக இருந்தது தேனி மாவட்டத்தில் ஆளின் சொந்தப் பெயராகிவிட்டது. இது ஒன்றும் புதிதில்லை. குமரி மாவட்டத்தில் கிளாட்ஸ்டன் இருக்கிறார், நெல்சன் இருக்கிறார், அவையும் குடும்பப் பெயர்கள்தான். இங்கே கூட சிட்னி, ஸ்டான்லி என்பவை அப்படி வந்தவை. பிறப்புச் சான்றிதழில் எந்த எழுத்து இருக்கிறதோ அதையே ஆதாரிலும் பள்ளியிலும் வைத்துக்கொள்ளுங்கள், சரியான உச்சரிப்பு இதுதான் என்று இப்போது போய் மாற்ற வேண்டாம். அப்புறம் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய நேரும். லண்டன் நண்பரிடம் அவருடைய தாத்தா பிறந்த ஊர், ஆண்டு, தாத்தாவின் அம்மா பெயர் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தாத்தா பிறந்தது ஸ்காட்லாந்தில் என்றால் இங்கே எழுதுங்கள், பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.